கதவைச் சாத்திய அத்தான்!

லண்டனில் இறங்கிய மறுநாள் காலையிலேயே எனக்கு ஞானோதயம் வந்துவிட்டது. வெந்நீர்தான் வரவில்லை.

2024 செப்டம்பர். ஊர் ஈஸ்ட் ஹாம். லண்டன் என்று சொல்கிறார்களே தவிர, தெருவில் நடந்தால் மல்லிகைப்பூ கிடைக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது, 'ஆடித் தள்ளுபடி' போர்டுகூட எடுக்காமல் இருக்கிறது. பெரியப்பா பெண் வீட்டில் பத்து நாள் ஜாகை. அத்தான் அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பூர்வீகம் பட்டுக்கோட்டை.

"பாய்லர்ல ப்ரஷர் போச்சு மாப்ளே. ஆளுக்குச் சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வர்றேங்கிறான். வந்து எட்டிப் பாக்குறதுக்கே தொண்ணூறு பவுண்டாம்."

தொண்ணூறு பவுண்டு! மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தேன் (பி.காம். படித்தவனுக்கு இந்த வியாதி போகாது). பச்சைத் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தேன்.

"முன்னாடி ஒரு போலந்துக்காரத் தம்பி இருந்தான். போன் போட்டா அரை மணியில நிப்பான். இருபது பவுண்டு, ஒரு பிளேட் இட்லி. அவ்வளவுதான். 2017-ல ஊருக்கே போயிட்டான்."

"ஏன் போனார்?"

அத்தான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது.

"ஏன்னு கேக்குறான்ல? நீங்க எதுல முத்திரை குத்தினீங்கன்னு சொல்லுங்களேன்!"

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

2016 ஜூன் 23-ம் தேதி பிரிட்டனில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு. ஐரோப்பிய யூனியனில் இருக்கலாமா, விலகலாமா? கேள்வி இவ்வளவுதான். வாக்குச் சீட்டில் போலந்துக்காரன் பற்றியோ, பட்டுக்கோட்டைக்காரர் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. விலகலாம் என்றவர்கள் 1,74,10,742 பேர். இருக்கலாம் என்றவர்கள் 1,61,41,241 பேர். சதவிகிதத்தில் 51.9-க்கு 48.1. கிட்டத்தட்ட சரிபாதியாக ஒரு தேசத்தை வாழை இலை மாதிரி நடுவில் கிழித்தாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. போலந்துக்காரர் இருபது வருஷம் அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளை பெற்றிருந்தாலும், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காதவரை அந்த வாக்கெடுப்பில் ஓட்டுக் கிடையாது. ஆனால் காமன்வெல்த் பிரஜைகளுக்கு உண்டு. அதாவது சிங்க முத்திரை போட்ட இந்தியப் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்திருந்த என் அத்தானுக்கு உண்டு! போலந்துத் தம்பி அந்த நாட்டில் இருக்கலாமா என்பதில் பட்டுக்கோட்டைக்குக் குரல் உண்டு, போலந்துத் தம்பிக்கு இல்லை.

அத்தான் 'விலகலாம்' என்று குத்தினார்.

"நியாயமா யோசிச்சுப் பாரு மாப்ளே. அவனுங்க விசா இல்லாம பஸ் ஏறி வந்துடறானுங்க. எங்கக்கா மகனுக்கு நாலு தடவை விசா போட்டேன், நாலு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கதவை மூடினா இந்தக் கதவு திறக்கும்னு சொன்னாங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு மந்திரியாக இருந்த ப்ரீத்தி படேல், ஐரோப்பாவிலிருந்து விலகினால் கறி ரெஸ்டாரன்ட்டுகளுக்குச் சமையல்காரர்களைக் கொண்டுவருவது சுலபமாகும் என்று பிரசாரமே செய்தார். ஈஸ்ட் ஹாம் இருக்கிற நியூஹாமில் நூற்றுக்கு 47 பேர் விலகலாம் என்று சொன்னார்கள். வந்தேறிகளே நிறைந்த பேட்டை ஸார் அது!

"இங்கயே நாப்பத்தேழா?" என்றேன்.

"இதுக்கே வாயைப் பொளக்கிறியே, போஸ்டன் போய்ப் பாரு" என்றார் அத்தான்.

போய்ப் பார்த்தேன்.

அமெரிக்க போஸ்டன் இல்லை. அதற்குப் பெயர் கொடுத்த ஒரிஜினல் போஸ்டன், லிங்கன்ஷயரில் இருக்கிறது. கிங்ஸ் கிராஸில் ரயிலேறி கிரந்தாமில் இறங்கி (மார்கரெட் தாட்சர் பிறந்த ஊர், அப்பா மளிகைக் கடைக்காரர், அத்தான் ஜாதி!) சின்ன ரயில் மாற வேண்டும். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தட்டையோ தட்டை. கீழத்தஞ்சையை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாற்போல் இருக்கிறது. நெல்லுக்குப் பதில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு.

ஊருக்குள் எங்கே நின்றாலும் புனித பொட்டால்ஃப் சர்ச்சின் கோபுரம் தெரிகிறது. 266 அடி உயரம். உள்ளூர்க்காரர்கள் இதை 'ஸ்டம்ப்' என்கிறார்கள். 266 அடிக்கு ஸ்டம்ப் என்றால் பேட்ஸ்மேன் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே சந்தைக்குள் நுழைந்தேன். புதன், சனியில் சந்தை கூடும். நான் போனது புதன்.

2016-ல் இந்த ஊரில் விலகலாம் என்றவர்கள் நூற்றுக்கு 75.6 பேர். நாட்டிலேயே அதிகம். அதன்பிறகு டி.வி. கேமராக்காரர்கள் வந்து வந்து ஊருக்கே அலுத்துவிட்டது. டீக்கடையில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "நீயும் டி.வி.யா?" (எல்லாம் இங்கிலீஷில்தான். தமிழ்ப்படுத்தியது நான்.)

"இல்லை ஸார், மெட்ராஸ்."

"சரி, உட்கார்."

எழுபது வயசிருக்கும். முட்டைக்கோஸ் வயலில் நாற்பது வருஷம் உழைத்த கைகள். நான் ஒரு முரட்டு ஆசாமியை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவரோ என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார்.

அவர் சொன்ன கதையும், எனக்குத் தெரிந்த கணக்கும் ஒத்துப்போயின. 2004-ல் போலந்து, லிதுவேனியா உள்பட பத்து நாடுகள் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தன. ஜெர்மனி, ஃபிரான்ஸ் எல்லாம் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று கதவை ஒருக்களித்து வைத்தபோது பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் விரியத் திறந்தன. வருஷத்துக்கு அதிகம் போனால் 13,000 பேர் வருவார்கள் என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னது. இங்கிலாந்து, வேல்ஸில் 2001-ல் 58,000 ஆக இருந்த போலந்தில் பிறந்தவர்கள், 2011 கணக்கெடுப்பில் 5,79,000! இந்த பட்ஜெட்டை என் ஆடிட்டர் பார்த்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து போயிருப்பார்.

விடியற்காலையில் வேனில் ஆட்களை அள்ளிக்கொண்டு போய் வயலில் இறக்குவதற்கு அங்கே 'கேங்மாஸ்டர்' உண்டு. நம்ம ஊர்க் கங்காணிதான், பூட்ஸ் போட்டிருப்பார். கூலி குறைந்தபட்சத்தில் நின்றது. ஒரே வீட்டில் அறைக்கு நாலு பேர் தங்கியதால் வாடகை ஏறியது. ஆஸ்பத்திரியில் க்யூ நீண்டது. ஆள் கூடினதுக்கு ஏற்ப டாக்டரும் பள்ளிக்கூடமும் கூடவில்லை.

"அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நல்லா உழைக்கிறாங்க. ஆனா எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே! கேட்டது அந்த ஒரு தடவைதான். சொல்லிட்டோம்."

அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் சொன்னார்: "கடைத்தெருவில நடந்தா இங்கிலீஷே காதுல விழமாட்டேங்குது."

டீ புரையேறியது. அதே வாக்கியத்தை, மொழியை மட்டும் மாற்றி, போன மாசம் சென்ட்ரல் ஸ்டேஷனில் நான் சொன்னேன். 'வடக்கன்' என்ற வார்த்தையையும் சேர்த்து. சொன்ன கையோடு, அந்தப் பையன் கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்தேன். அவன் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

அங்கிருந்து வெஸ்ட் ஸ்ட்ரீட். வரிசையாகப் போலந்து, லிதுவேனியக் கடைகள். கறுப்பு ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, தொங்கும் சாசேஜ். ஒரு கடைக்குள் நுழைந்து வெள்ளரிக்காய் ஊறுகாய் வாங்கினேன் (ஊறுகாய் எங்கே கண்டாலும் தமிழனுக்குச் சொந்த ஊர்). கடைக்கார அம்மாள் லிதுவேனியா. 2006-ல் வந்தவர். எட்டு வருஷம் காய்கறி பேக்கிங், அப்புறம் கடை.

வாக்கெடுப்பு முடிவு வந்த அந்தக் காலையைப் பற்றிக் கேட்டேன்.

"சனிக்கிழமை தவறாம ரொட்டி வாங்குவார் ஒருத்தர். அன்னிக்கு வெள்ளி. வாசல்லயே நின்னு 'எப்ப மூடறே?'ன்னார். ஆறு மணிக்குன்னேன். 'அதில்லை, ஒரேயடியா எப்ப?'ன்னு சிரிச்சார்."

"கெட்ட ஆசாமி."

"இல்லை" என்றார் அந்த அம்மாள். "நல்லவர்தான். முந்தின நாள்வரைக்கும் அவருக்கு அதைக் கேக்கத் தோணலை. அன்னிக்குத் தோணிச்சு. அதுதான் எனக்குப் பயமா இருந்தது."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சில்லறையை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

அந்த வாரம் பல பேருக்குப் பல விதமாகத் தோன்றியிருக்கிறது. லண்டன் ஹாமர்ஸ்மித்தில் போலந்துக்காரர்களின் கலாசார மையக் கதவில் வசவு எழுதினார்கள். ஹண்டிங்டனில் போலந்துக்காரர்களைப் புழு பூச்சி என்று அச்சடித்த அட்டைகளை வீசினார்கள். 2016 ஜூலையில் இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள், முந்தைய ஜூலையைவிட 41 சதவிகிதம் அதிகம். இத்தனைக்கும் 1940-ல் ஹிட்லரின் விமானங்களிடமிருந்து இதே இங்கிலாந்தின் வானத்தைக் காத்ததில் போலந்து விமானிகளின் 303-வது படைப்பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாமர்ஸ்மித் கதவில் வசவு எழுதிய செய்தி பரவியதும், முன்பின் தெரியாத இங்கிலீஷ்காரர்கள் பூங்கொத்தும் கடிதமுமாக அங்கே குவித்துவிட்டார்கள். அதே தேசம், அதே வாரம்.

ரயிலுக்கு நேரமிருந்தது. கில்ட்ஹால் மியூசியம் போனேன். 1607-ல் மதக் கொடுமை தாங்காமல் படகேறி ஹாலந்துக்குத் தப்பப் பார்த்த ஒரு கூட்டத்தைப் பிடித்து இங்கேதான் காவலில் வைத்தார்களாம். பின்னால் அவர்களில் சிலர் 1620-ல் 'மேஃப்ளவர்' கப்பலில் அமெரிக்கா போனார்கள். 1630-ல் இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களால் அங்கே இன்னொரு போஸ்டன் முளைத்தது. ஆக, விசா இல்லாமல் கப்பலேறியவர்களுக்கு ஊரே மியூசியம் வைத்துக் கொண்டாடுகிறது. நானூறு வருஷம் பொறுத்தால் போதும் போலிருக்கிறது!

சரி, கதவைச் சாத்தி என்ன ஆயிற்று? 2020 ஜனவரி 31-ம் தேதி பிரிட்டன் விலகிவிட்டது. ஆனால் முட்டைக்கோஸ் தானாகப் பெட்டியில் ஏறாதே! 2019-ல் 2,500 பேருக்கென்று ஆரம்பித்த பருவகால வேலை விசாவை 2024-ல் 45,000 ஆக்கினார்கள். கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தானிலிருந்தெல்லாம் ஆறு மாசத்துக்கு ஆள் வருகிறது. 2023-ல் வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் நிகரக் கணக்கு 9 லட்சத்தைத் தொட்டது. அதில் முதல் வரிசையில் இந்தியர்கள். அத்தானின் அக்கா மகனும் வந்து சேர்ந்தான், மான்செஸ்டரில் இருக்கிறான். அவருடைய கணக்கு டேலி ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பற்று விட்டுப்போயிருந்தது. நான் திரும்பி வந்த ராத்திரி அக்காதான் சொன்னாள்.

2016 ஜூன் 24 காலை. அத்தான் கடையில் உற்சாகமாக ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்த கட்சி அல்லவா! பால் வாங்க வந்த ஒருத்தன் காசை மேஜையில் வீசிவிட்டு, "நீ எப்ப மூட்டை கட்டறே?" என்றான். அத்தான் சிரித்துக்கொண்டே, "நானும் உன் பக்கம்தான் ஓட்டுப் போட்டேன்" என்றாராம்.

"அதுக்கு அவன் சொன்னான், 'தேங்க்ஸ். இப்ப நீயும் கிளம்பு'ன்னு."

அதே வருஷம் போலந்துத் தம்பியின் ஏழு வயசுப் பையனிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பொடியன் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். மறு வருஷம் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கிளம்புகிற அன்று தம்பி வந்து பாய்லரைத் துடைத்து, சரிபார்த்து, காசு வாங்காமல் போனாராம்.

நான் போவதற்கு ஐந்து வாரம் முன்னால், 2024 ஆகஸ்ட்டில், சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொலையான பிறகு ஊர் ஊராகக் கலவரம். கொன்றவன் அகதி என்று ஒரு பொய் பரவி, அகதிகள் தங்கிய ஹோட்டல்களைத் தாக்கினார்கள். கிழக்கு லண்டனிலும் வரப்போகிறார்கள் என்ற வதந்தியில் அத்தான் நாலு மணிக்கே ஷட்டரை இறக்கினார். (வால்தம்ஸ்டோவில் கடைசியில் தெருவை நிறைத்தது கலவரக்காரர்கள் இல்லை, அவர்களைத் தடுக்க வந்த ஜனங்கள்தான்.) அன்றைக்கு ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாய் என்று யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

அத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தார். 'போலந்து தம்பி' என்று பெயர் இருந்தது. ஏழு வருஷமாகக் கூப்பிடாத நம்பர்.

எடுத்தார்! வீடியோவில் வழுக்கை விழுந்த ஒரு முகம், பின்னால் உயரமாக ஒரு பையன். "இட்லி எப்படி இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் போலந்திலிருந்தே உத்தரவு போட்டார். பாய்லருக்கு அடியில் சின்னக் குழாய், அதைத் திருப்பு, முள் ஒன்றரைக்கு வந்ததும் மூடு. அத்தான் டார்ச் பிடித்தார், நான் திருப்பினேன். தொண்ணூறு பவுண்டு மிச்சம்.

போனை வைத்த பிறகு கேட்டேன்: "அத்தான், நீங்க எதுல குத்தினீங்கன்னு அவர்கிட்ட எப்பவாவது சொன்னதுண்டா?"

அத்தான் டார்ச்சை அணைத்தார்.

"வெந்நீர் வருதா பாரு மாப்ளே."

வந்தது.