மனம் திறக்கும் அறையில் ஒரு மணிக்கூடு



மனக்கவலையால் வாடும் ஒரு பெண்ணிடம், உளவளத்துணைக்குப் போய்ப் பாருங்கள் என்று சொன்னால் என்ன பதில் வருகிறது? "அங்க போய் என்னத்தச் சொல்ற? மணிக்கூட்டப் பாத்துப் பாத்துத்தான் பேசுவாங்களாம். நேரம் முடிஞ்சா எழும்பிப் போகச் சொல்லுவாங்களாம்." ஒரு தடவை போய் வந்தவர்களும் மருந்தைக் குறை சொல்வதைவிட இந்த மணிக்கூட்டையே அதிகம் குறை சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பார்ப்பதற்கு இது சிறிய விடயம். ஆனால் இந்த ஒன்றால் மனம் நொந்து, சிகிச்சையைப் பாதியில் கைவிட்ட பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றி உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

இந்த நேரக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? பேச்சின் மூலம் மனநோயைத் தீர்க்கும் முறைக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் சிக்மண்ட் பிராய்ட். 1891 முதல் 1938 வரை வியன்னா நகரில் ஒரே வீட்டில் இருந்து வைத்தியம் பார்த்தவர். மார்க்கத்தைப் பற்றிய அவருடைய கருத்துக்களை நாம் ஏற்பதில்லை. என்றாலும் தொழில் முறை பற்றி 1913இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று கவனிக்கத்தக்கது. தன் நாளில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி விடுவதாகவும், அந்த நேரம் அவருக்கே சொந்தம் என்றும், அவர் வராவிட்டாலும் அதற்குரிய கட்டணம் அவரையே சாரும் என்றும் அதில் விளக்கியிருந்தார். சங்கீதமும் பாஷைகளும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்படித்தானே செய்கிறார்கள் என்றும் எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் அந்த ஒரு மணி நேரம் 50 நிமிடமாகவும் 45 நிமிடமாகவும் சுருங்கியது. மிகுதி நிமிடங்கள், கேட்டதைக் குறித்து வைக்கவும், அடுத்தவர் வருமுன் மனதை ஆற்றிக்கொள்ளவும் பயன்பட்டன.

இதற்கு நேர்மாறாக நடந்தவரும் உண்டு. பிரான்ஸ் தேசத்து ஜாக் லக்கான், நேரத்தை முன்கூட்டி நிர்ணயிக்காமல், தாம் பொருத்தமாகக் கருதும் இடத்தில் அமர்வை நிறுத்தி விடுவார். சில நிமிடங்களிலேயே முடிந்து போன அமர்வுகளும் உண்டு. சக வைத்தியர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1953இல் பாரிஸ் சங்கம் பிளவுபட இதுவும் ஒரு காரணமாயிற்று. 1963இல் பயிற்சியளிப்போர் பட்டியலில் இருந்தே அவருடைய பெயர் நீக்கப்பட்டது. நேரம் குறித்த அமர்வில் குறையுண்டு என்பது உண்மைதான். ஆனால் எப்போது எழும்பச் சொல்வாரோ என்று தெரியாமல் இருப்பது, உள்ளம் உடைந்து வந்தவருக்கு இன்னும் பெரிய பாரமல்லவா?

சகோதரிகளே, நேரம் குறித்துக் கொடுப்பதை மேல்நாட்டார் வழக்கம் என்று நாம் ஒதுக்கிவிடத் தேவையில்லை. ஸஹீஹுல் புகாரியில் அபூ ஸயீதுல் குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மதீனாவின் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, எப்போதும் ஆண்களே தங்களைச் சூழ்ந்து கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் ஒரு நாளை வாக்களித்து, அந்நாளில் அவர்களைச் சந்தித்தார்கள். கேட்டவர்கள் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். குறித்த நேரம் இல்லாத இடத்தில் பலமுள்ளவருக்கே நேரம் கிடைக்கும் என்பதை அந்த ஸஹாபாப் பெண்மணிகள் அறிந்திருந்தார்கள். நேரம் குறிக்கப்பட்டபோது அது அவர்களுடைய உரிமையாயிற்று.

இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களும் வியாழக்கிழமைகளில்தான் மக்களுக்கு உபதேசம் செய்து வந்தார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, மக்களைச் சடைவடையச் செய்ய விரும்பவில்லை என்றும், நபியவர்களும் தங்கள் விடயத்தில் இவ்வாறே நாள் பார்த்து நடந்தார்கள் என்றும் பதில் கூறினார்கள். அளவோடு கொடுப்பதிலும் ரஹ்மத் உண்டு.

அப்படியானால் நம் பெண்களின் மனம் ஏன் நோகிறது? என் தங்கையின் அனுபவத்தை, அவளுடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவள் தூக்கத்தை இழந்தாள். பிள்ளை அழுதாலும் தூக்க மாட்டாள். சுவரைப் பார்த்தபடி இருப்பாள். அயலில் உள்ளவர்கள் ஜின்னின் வேலை என்றார்கள். நான் குர்ஆன் ஓதி துஆச் செய்தேன், அந்த வாரமே டொக்டரிடமும் அழைத்துப் போனேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு ஏறக்குறைய 13 பேர் மனநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். இது ஈமானின் பலவீனமும் அல்ல, தாய்ப்பாசம் இல்லாமையும் அல்ல. டொக்டர் மருந்து எழுதியதோடு, வாரம் ஒரு முறை உளவளத்துணைக்கும் அனுப்பினார். ஒரு தடவைக்கு 45 நிமிடம்.

முதல் நாள் வெளியே வந்தவள் பஸ்ஸில் ஏறும் வரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நானா, அவங்க என்ட முகத்தப் பாக்கல்ல. என்ட தலைக்கு மேல பாக்காங்க. நான் பேசுறது அவங்களுக்குப் பாரமா இரிக்கி போல." மறு வாரம் நான் விசாரித்துப் பார்த்ததில் விடயம் விளங்கியது. சுவர் மணிக்கூடு, வருபவர் அமரும் கதிரைக்குப் பின்னால் மாட்டப்பட்டிருந்தது. துணையாளருக்கு மட்டுமே அது தெரியும். அவர் நேரம் பார்த்த ஒவ்வொரு முறையும் பார்வை தங்கையின் தலைக்கு மேலே போயிருக்கிறது. அவருக்கு வெறும் மணி பார்த்தல். ஏற்கனவே தன்னைப் பிரயோசனமற்றவள் என்று நினைத்துக் கொண்டிருந்தவளுக்கோ, அது தீர்ப்புச் சொன்னதைப் போல.

இனிப் போக மாட்டேன் என்றாள். "போ, போய் இதையே சொல்லு" என்றேன். மூன்று நாள் யோசித்துவிட்டுப் போனாள். தயங்கித் தயங்கிச் சொல்லியும் விட்டாள். அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. சொன்னதற்கு நன்றி கூறிவிட்டு, அடுத்த வாரம் சிறிய மேசை மணிக்கூடு ஒன்றை இருவருக்கும் தெரியும்படி பக்கவாட்டில் வைத்தார். முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாயால் சொல்லிவிடுவதாகவும் வாக்களித்தார். அதன் பின் அவருடைய கண்கள் தங்கையின் முகத்தை விட்டு அகலவில்லை.

ஆறாவது வாரம், மணிக்கூட்டில் இன்னும் இருபது நிமிடம் இருப்பதைக் கண்டு, அதுவரை உம்மாவிடமும் கணவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். பிள்ளைக்குத் தன் கையாலேயே ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் தன்னை இரவு முழுவதும் வாட்டுகிறது என்றாள். "நேரம் இரிக்கிறது தெரிஞ்சதாலதான் நானா, வாயத் திறந்த" என்று பின்னர் என்னிடம் சொன்னாள். அன்று 45 நிமிடத்தோடு அமர்வு முடியவில்லை. துணையாளர் டொக்டரை அழைத்தார், வீட்டாரை அழைத்தார். இரவில் தங்கையோடு யார் தங்குவது என்பது வரை பேசித்தான் அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இன்று நான்காம் ஆண்டில் படிக்கிறான்.

மணிக்கூட்டைப் பற்றி எல்லாருடைய உணர்வும் ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்கு மணிக்கூடு கண்ணில் பட்டால் பேச்சு வராது, முள் ஓடுவதையே பார்த்திருப்பார்கள். சிலருக்கு அது தெரியாவிட்டால், நடுவில் நிறுத்தி விடுவார்களோ என்ற பதற்றம். சிறு வயதில் கைவிடப்பட்டவருக்கு, விவாகரத்துப் பெற்றவருக்கு, "நேரமாகிவிட்டது" என்ற சொல் மீண்டும் ஒரு முறை வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டதைப் போல வலிக்கும். வேறு சிலருக்கு அதே சொல் ஆறுதலாகவும் இருக்கும். இந்தத் துயரத்துக்கும் ஒரு கரை இருக்கிறது, முக்கால் மணி நேரம் அதைத் தாங்கிக்கொண்டால் போதும் என்று மனம் தைரியம் கொள்ளும்.

இன்னொன்று. முக்கியமான சொல் கடைசி நிமிடத்தில்தான் வரும் என்று உளவளத்துணையாளர்கள் சொல்வார்கள். எனக்கு இது புதிதல்ல. குடும்பப் பிணக்குகளோடு எங்கள் வீட்டுக்கு வரும் பெண்களை என் மனைவியோடு அமர்ந்து விசாரிப்பேன். பிள்ளையின் படிப்பு, வீட்டுச் செலவு என்று பேசி முடித்து, ஸலாமும் சொல்லி, வாசற்படியில் செருப்பைப் போடும்போதுதான், "மௌலவி, அவர் கை நீட்டுறவர்" என்பார்கள். நேரம் முடிந்தது என்பதே அவர்களுக்குத் துணிவைத் தருகிறது. இனி யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்தச் சொல்லை அலட்சியம் செய்யலாகாது. அடுத்த சந்திப்பை அதிலிருந்தே தொடங்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான விடயமாயின், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கவும் கூடாது.

கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். கணவர் செய்த அநீதியை நபியவர்களிடம் வந்து முறையிட்டவர். அவருடைய முறையீட்டை அல்லாஹ் செவியேற்றதாக அறிவித்தே ஸூரத்துல் முஜாதலா ஆரம்பமாகிறது. பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது, முதுமை அடைந்திருந்த கவ்லா வழியில் அவர்களை நிறுத்தி நெடு நேரம் பேசியதாகத் தப்ஸீர் நூல்களில் காணப்படுகிறது. ஒரு கிழவிக்காக மக்களை நிறுத்தி வைப்பதா என்று கேட்டவரிடம், அவர் இரவு வரை பேசினாலும் தான் நின்று கேட்பேன், தொழுகை நேரம் வந்தால் தொழுதுவிட்டு மீண்டும் வந்து கேட்பேன் என்று உமர் (ரழி) பதிலளித்தார்கள். அங்கும் ஒரு நேரக் கணக்கு இருந்தது. தொழுகையின் வக்து. அது இருவருக்கும் தெரிந்த நேரம், மறைவானதல்ல. அதனால் யார் மனமும் நோகவில்லை.

ஆகவே, உளவளத்துணைக்குப் போகும் சகோதரிகளே, முதல் நாளிலேயே கேளுங்கள்: எத்தனை நிமிடம், முடியுமுன் எனக்குச் சொல்வீர்களா, மணிக்கூட்டை நானும் பார்க்கலாமா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அவர் மணி பார்த்தது உங்களை நோகடித்தால் அதை அவரிடமே சொல்லுங்கள். சொல்லக் கடினமானதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். வாயால் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், அமர்ந்தவுடன் கொடுங்கள். ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், அதற்குள் வீட்டில் நிற்க வேண்டும் என்றால், அதற்கேற்ற நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் அழுகுரல் கேட்டால், தாயின் சிரமத்தை எண்ணித் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத் நாம். ஒரு தாயின் நேரத்தை மதிப்பது ஸுன்னாவோடு ஒத்தது.

கணவன்மாரே, மனைவி உள்ளே இருக்கும் 45 நிமிடமும் நீங்கள் அவருக்குக் கொடுக்கும் ஸதகா. வெளியில் நின்று தொலைபேசியில் அழைத்துக் கொண்டிருக்காதீர்கள். வெளியே வந்ததும் "இவ்வளவு நேரம் என்ன பேசின?" என்று விசாரிக்கவும் வேண்டாம்.

பிறர் துயரத்தைக் கேட்கும் பொறுப்பில் இருப்போருக்கும், என்னைப் போன்ற உலமாக்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு இருப்பது அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். அந்த அரை மணியை முழுமையாகக் கொடுப்போம். வாக்களித்த நேரம் ஓர் அமானிதம்.

பேச யாருமின்றி, நடு இரவில் உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். விடியும் வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. அதே இரவில் தஹஜ்ஜுதுடைய முஸல்லாவும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அங்கே நேரம் முடிந்தது என்று எவரும் சொல்வதில்லை.

நம் பெண்களின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியைத் தருவானாக. அவர்களுடைய பேச்சைப் பொறுமையோடு கேட்கும் காதுகளையும் தருவானாக. ஆமீன்.