இடது கை கொடு தம்பி!

கம்பம் பக்கம் பெரியவங்க முன்னால் இடது கையை நீட்டிப் பாருங்கள், சுளீரென்று ஒன்று விழும். சாரணர் இயக்கத்தில் கைகுலுக்குவதே இடது கையால்தான்! எட்டாம் வகுப்பில் நான் சேர்ந்ததே அதற்காகத்தான். (வேற லட்சியமெல்லாம் கிடையாது சார்!)

1907-ல் பேடன் பவல் தொடங்கியது. இந்தியாவில் முதலில் வெள்ளைக்காரப் பையன்களுக்குத்தான் இடம். 1916-ல் அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையில் நம்ம பையன்களுக்கென்று தனியாக ஆரம்பித்தார். ஜெர்மன் பையன்கள் பாடு இன்னும் மோசம். ஹிட்லர் ஆட்சி தடையே போட்டுவிட்டது. மேற்கில் போர் முடிந்ததும் துளிர்த்தது. கிழக்கில் 1989-ல் பெர்லின் சுவர் விழும்வரை தலையெடுக்கவில்லை.

உலகச் சாரணர்கள் கூடும் ஜாம்போரியில் ஸ்கார்ஃபை மாற்றிக்கொள்வார்கள். நட்புக்கு அடையாளமாம்! என் ஸ்கார்ஃப், அம்மா தினம் ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டில் வேலை பார்த்த கூலிக்காசில் வாங்கியது. ஜெர்மன்காரன் கேட்டால்? பேட்ஜ் வேணா தர்றேன் தம்பி, அதை விட்டுடு!