தலைக்கு மேலே நாரை!

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அதன் கீழே என் ஸ்கூட்டர். மரத்தின் மேலே ஏழெட்டு மடையான்கள்.

திட்டவில்லை ஸார்! வயல் ஓரத்தில் அசையாமல் நிற்குமே, குருட்டுக்கொக்கு... அதற்கு இன்னொரு பெயர் மடையான். சாயங்காலம் ஆனால் நம் வீட்டு வேம்புக்கு வந்து தங்கும். போன வருஷம் இரண்டு கூடுகூடக் கட்டின. விடிந்ததும் பார்த்தால் என் நீல நிற ஸ்கூட்டர் வெள்ளை நிறத்தில் இருக்கும். தினமும் ஒரு வாளித் தண்ணீர், அரை மணி நேரம், ஆபீஸுக்கு லேட்!

கடைசியில், கிளைகளை மொட்டையடிக்க ஒரு ஆளைப் பிடித்து, ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். "பாவம்ங்க, அதுங்க எங்கே போகும்?" என்றாள் சகதர்மிணி. "லாட்ஜுக்குப் போகட்டும்" என்றேன். பி.காம். படித்தவன் அல்லவா, நஷ்டக் கணக்கு எனக்குத் தெரியாதா?

இந்த நிலைமையில்தான் மாசி மாதம் நாங்குநேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சகதர்மிணி வழி சொந்தம். நாங்குநேரி என்றதும் எனக்கு வானமாமலைப் பெருமாளும் அந்தக் கோயில் எண்ணெய்க் கிணறும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைத்துனன் வந்து போர்வையை உருவினான்.

"அத்தான், எந்திரிங்க. முகூர்த்தம் பத்தரைக்குத்தான். அதுக்குள்ள கூந்தன்குளம் போயிட்டு வந்துரலாம்."

மைத்துனன் பள்ளிக்கூட வாத்தியார். கழுத்தில் எந்நேரமும் பைனாகுலர். ஜனவரி பிறந்தால் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று குளம் குளமாக நடப்பான். 2011-லிருந்து வருஷா வருஷம் நடக்கிறதாம். பேங்கில் ஸ்டாக் எடுப்பது தெரியும். குளத்தில் ஸ்டாக் எடுப்பதை இவனிடம்தான் கேள்விப்பட்டேன்.

கல்யாணத்துக்கு வைத்திருந்த புதுச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினேன். (இந்த வரியைக் கவனத்தில் வையுங்கள்!) இரண்டு பக்கமும் பனையும் குடை விரித்த உடைமரமும். ஊர் எல்லை வந்ததும் ஆட்டோ டிரைவர் ஹார்னில் இருந்து கையை எடுத்துவிட்டார். முன்னால் போன மாட்டைக்கூட "ஹே... ஹே..." என்று வாயாலேயே ஓட்டினார்.

ஊருக்குள் நுழைந்ததும் நான் குளத்தைத் தேடினேன். மைத்துனன், "அத்தான், மேலே பாருங்க" என்றான்.

தெருவில், வீட்டு வாசல்களில் நின்ற வேம்பிலும் புளியிலும் கிளைக்குக் கிளை கூடு! ஒவ்வொன்றிலும் இடுப்பு உயர நாரைகள். மஞ்சள் மூக்கு, வழுக்கையான ஆரஞ்சு முகம், வால் பக்கம் யாரோ ரோஸ் பவுடர் பூசிவிட்ட மாதிரி ஒரு சிவப்பு. மஞ்சள்மூக்கு நாரை என்றும் சங்குவளை நாரை என்றும் சொல்கிறார்கள். பெரியதுகளுக்குக் குரல் கிடையாது, மூக்கைத் தட்டிச் சத்தம் எழுப்புவதோடு சரி. அதற்கும் சேர்த்துக் குஞ்சுகள் கத்தித் தீர்க்கின்றன.

அங்கிருந்து குளத்துக்கரைக்கு நடந்தோம். அவசரமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று நடக்க வேண்டும். முதலில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தவை நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம்! அந்தப் பக்கம் தாடையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூழைக்கடாக்கள். கரண்டியை மூக்காக வைத்துக்கொண்டு சேற்றைத் துழாவும் கரண்டிவாயன்கள்.

தூரத்தில் ஒரு கூட்டம். பைனாகுலரில் பார்த்தேன். வாத்துதான். தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை.

"பட்டைத்தலை வாத்து, அத்தான். மங்கோலியா, திபெத் பக்கத்து ஆளுங்க. இமயமலையைத் தாண்டி வருது. 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறக்கும்."

எனக்கு நாலு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். மரியாதையாக ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

திரும்பி வரும்போது தெருவில், ஒரு வேப்பமரத்தின் கீழே... சொத்! புதுச்சட்டையின் இடது தோள்.

எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்த ஆச்சி சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "தொடைச்சுக்கிடுங்கய்யா. இங்க வந்துட்டு இது விழாமப் போனாத்தான் ஆச்சரியம்."

ஆச்சி வீட்டு வாசல் முழுக்க வெள்ளை. வாடை வேறு. நான் ஸ்கூட்டர் ஞாபகத்தில், "கிளையை வெட்டிட்டா என்ன ஆச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய்யா, பேறுகாலத்துக்குப் பொறந்த வீட்டுக்கு வந்த பிள்ளைய, வாடை அடிக்குன்னு வெளிய தள்ளுவீயளா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. திண்ணை மூலையில் ஒரு கூடை. உள்ளே பஞ்சு மாதிரி ஒரு நாரைக்குஞ்சு. கூட்டிலிருந்து விழுந்ததாம். வனத்துறைக்காரர்களிடம் கொடுத்தால் வளர்த்து விடுவார்களாம்.

"ஒரு வருசம் மழை இல்ல, கால்வாயிலயும் தண்ணி விடல. குளம் வெடிச்சுக் கெடந்துது. ஒரு பறவை வரல. வாசல் சுத்தமாத்தான் இருந்துச்சு..." ஆச்சி கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். "நல்லாவே இல்லய்யா."

ஆட்டோவில் மைத்துனன் கணக்கைச் சொன்னான். மழையோடு மணிமுத்தாறு தண்ணீரும் வந்து குளம் நிறைந்தால் மீன். மீன் இருந்தால் பறவை. பறவை எச்சம் விழுந்த வண்டல்மண் வயலுக்கு உரம். ஆக, நாரை வந்தால் அந்த வருஷம் விவசாயமும் உண்டு. அரசாங்கம் இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-ல். உலக அளவிலான ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது 2022-ல். ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் ரொம்ப முந்தியே வாசல் திறந்துவிட்டவர்கள்.

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பார் எங்கள் புரொபசர். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, இடது தோளில்.

நீங்களும் போகலாம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல சீஸன். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது உத்தமம். விடியற்காலையில் போங்கள். பளிச்சென்ற சட்டை, பாட்டுப்பெட்டி, கைதட்டல் எதுவும் வேண்டாம். தொப்பி அவசியம்! நேரம் இருந்தால் பக்கத்தில் விஜயநாராயணம் பெரிய குளத்துக் கரையிலும், தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோயில் பக்கத்து மரங்களடியிலும் ஒரு நடை நடக்கலாம்.

கல்யாணத்தில் நான் இடது தோளில் துண்டு போட்டுக்கொண்டே நின்றேன். பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்து இரண்டு பேர் காலில் விழுந்தார்கள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மரம் வெட்டுகிற ஆளுக்கு போன் போட்டு, வேண்டாம் என்றேன். அட்வான்ஸ் திரும்ப வராது என்றார். சரி என்றேன். ஸ்கூட்டருக்கு நானூற்றைம்பது ரூபாயில் ஒரு உறை வாங்கினேன். ஆக மொத்தம் செலவு தொள்ளாயிரத்து ஐம்பது.

வீட்டுக் கணக்கு நோட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சகதர்மிணி பேனாவை வாங்கி எழுதினாள்: 'விருந்தாளிச் செலவு.'