கறுப்புக் கேரட் காஞ்ஜி

மார்ச் 8, 2025, தில்லி

வெள்ளிக்கிழமை ஹோலி. இன்றைக்குப் போட்டால்தான் காஞ்ஜி என்கிற கேரட் பானம் அதற்குள் புளிக்கும் என்று எதிர்வீட்டு ஆன்ட்டி காலையிலேயே கதவைத் தட்டிவிட்டார். லக்னோக்காரர். கறுப்புக் கேரட் குளிர்காலச் சரக்கு. வெயில் ஏற ஏற சந்தையில் அருகிவிடும். தள்ளுவண்டியில் நுனி சுருங்கிய கடைசிக் குவியல் கிடைத்தது. விரல் நீளத்துக்கு நறுக்கி முடிப்பதற்குள் உள்ளங்கை, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. சிவப்புக் கேரட்டில் போடுகிறவர்கள் நிறத்துக்கு பீட்ரூட் சேர்ப்பார்கள். ஆன்ட்டிக்கு அது மட்டம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிட்டார். “சூட்டோடு ஊற்றினால் கடுகு செத்துப்போகும், பேட்டா.” சரியான பேச்சு. பொடித்த கடுகு நனையும்போது அதிலுள்ள நொதி வேலை செய்துதான் மூக்கில் ஏறும் நெடி கிளம்புகிறது. கொதிநீர் பட்டால் நொதி அடங்கிவிடும். கடுகுப்பொடி, உப்பு, மிளகாய்த்தூள், துளி பெருங்காயம். பீங்கான் ஜாடி, வாயில் மெல்லிய துணி, மொட்டை மாடி வெயில். அவ்வளவுதான்.

மார்ச் 10

மரக்கரண்டியால் கிளறியதும் குமிழ் குமிழாக மேலே வந்தது. உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியா கேரட்டின் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குகிறது. நம் இட்லி மாவில் இருப்பதும் இதே வர்க்கம்தான்.

மார்ச் 12

குஜியா. கோவாவை ஆன்ட்டி வீட்டிலேயே சுண்டக் காய்ச்சினார்; பண்டிகை வந்தால் கலப்படக் கோவா பிடிபட்ட செய்தியும் கூடவே வரும். குஜியாவை நம் சோமாசிக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஆனால் அச்சு கிடையாது, விளிம்பைக் கட்டைவிரலால் மடித்து மடித்துப் பின்னுகிறார். ஒன்றுகூட எண்ணெயில் வாய் பிளக்கவில்லை.

மார்ச் 14

ஹோலி என்றால் எல்லோருக்கும் தண்டாயிதான். பாதாம், கசகசா, சோம்பு, மிளகு, ரோஜா இதழ் அரைத்துக் கலந்த பால்; வேண்டியவர்கள் கஞ்சாச் செடியின் இலையான பாங் சேர்த்துக்கொள்கிறார்கள். 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூந்தலையை. வெறும் இலை அந்த வரையறையில் இல்லை. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற பாங் கடைகளே இருக்கின்றன. இந்தி சினிமா தண்டாயிக்குக் கொடுத்த புகழில் கால்வாசியை காஞ்ஜிக்குக் கொடுத்திருக்கலாம். தண்டாயியும் பால், குஜியாவும் பால், போதாததற்கு நெய். பகல் பன்னிரண்டுக்கு வயிறு கல்லாகிவிடுகிறது. அப்போது ஒரு டம்ளர் காஞ்ஜி! முதலில் புளிப்பு, பிறகு உப்பு, விழுங்கியபின் கடுகு நிதானமாக மூக்குக்கு ஏறுகிறது. பாசிப்பருப்பு வடையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து நேற்றிரவே ஆன்ட்டி காஞ்ஜியில் போட்டிருந்தார். வடையும் ஊதா.

மூன்று மணிக்கு ஜாடி காலி. அடியில் கிடந்த கேரட் துண்டுகளை ராத்திரி பராட்டாவுக்கென்று ஆன்ட்டி தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.