எலிசபெத்தின் அப்பா

பள்ளி விடுமுறையில் நான் படித்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’ ஒரு தமிழ்ச் சுருக்கம். நூறு பக்கம்கூட இருக்காது. வீட்டைவிட்டு ஓடிவந்த வெள்ளைக்காரப் பையன் ஹக், தன்னைத் தெற்கே விற்றுவிடுவார்கள் என்று தெரிந்து எஜமானியிடமிருந்து தப்பிய கறுப்பின அடிமை ஜிம், இருவரையும் சுமந்து மிஸிசிப்பியில் மிதந்து போகும் ஒரு தெப்பம். அந்தப் புத்தகத்தில் கடைசியில் வரும் வெள்ளைக்கார டாக்டர் ‘அவர்’. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஜிம் ‘அவன்’. பதிமூன்று, பதினாலு வயதுப் பையனான ஹக்குக்கும் அதே ‘அவன்’தான். ஆங்கில மூலத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. மொழிபெயர்த்தவர் யோசிக்காமல் எழுதியிருப்பார்; நானும் யோசிக்காமல் படித்தேன். எலியும் பாம்பும் வரும் பக்கங்களில் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது.

முழு நாவலைப் படித்தபோது என் மகளுக்கு நாலு வயது. 23ஆம் அத்தியாயத்தின் முடிவில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

விடியற்காலை. ஜிம் தெப்பத்தில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்து முனகிக்கொண்டிருக்கிறார். கரைப்பக்கம் எங்கோ கேட்ட ஒரு சத்தம் மகள் எலிசபெத்தை ஞாபகப்படுத்திவிட்டது. நாலு வயதுக் குழந்தை. கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்தவள். ஒருநாள் கதவைச் சாத்தச் சொல்கிறார். அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறாள். சத்தம் போட்டுச் சொல்கிறார். அசையவில்லை. கோபத்தில் ஒரு அறை விடுகிறார்; குழந்தை போய் விழுகிறது. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கதவு திறந்தே கிடக்கிறது. அவள் வாசலில் தலைகுனிந்து நின்று அழுதுகொண்டிருக்கிறாள். இவ்வளவு பிடிவாதமா என்று மறுபடி கை ஓங்கப் போகும்போது, காற்றில் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் படாரென்று சாத்திக்கொள்கிறது. குழந்தை திடுக்கிடவில்லை. ஜிம்முக்கு மூச்சே நின்றுவிடுகிறது. மெல்ல அவளுக்குப் பின்னால் போய், முழுக்குரலில் கத்திப் பார்க்கிறார். அவள் திரும்பவில்லை. காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோயிருந்தது.

சாப்பிட மறுத்ததற்காக நானும் ஒருநாள் மகளை அடித்திருக்கிறேன். அவளுக்குத் தொண்டை புண்ணாகியிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. அதனால் ஜிம்மின் அழுகையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் பள்ளிக்காலச் சுருக்கத்தில் இந்தப் பக்கம் கிடையாது. எலிகளை வைத்துக்கொண்டு எலிசபெத்தை வெட்டியிருந்தார்கள். சுருக்கியவர் மேல் வந்த கோபம் நாவலை முடிக்கும்போது அதை எழுதிய மார்க் ட்வைன் மேல் திரும்பியது. அவரும் அதைத்தானே செய்திருக்கிறார்!

கூடவந்த இரண்டு மோசடிக்காரர்களில் ஒருவன் நாற்பது டாலருக்கு ஜிம்மைக் காட்டிக்கொடுக்கிறான். ஒரு பண்ணையில் அவரை அடைத்து வைக்கிறார்கள். அங்கே வந்து சேரும் ஹக்கின் தோழன் டாம் சாயருக்கு, எஜமானி உயில் எழுதி ஜிம்மை விடுதலை செய்துவிட்டு இறந்து இரண்டு மாதமாகிவிட்டது என்று தெரியும். சொல்லவில்லை. கதைப் புத்தகங்களில் வருவதுபோல ஒரு சிறை மீட்பு நடத்திப் பார்க்க ஆசை. அதற்காக ஜிம்மின் குடிசைக்குள் எலி, சிலந்தி, பாம்பு விடுகிறான். ரத்தத்தால் சட்டையில் நாட்குறிப்பு எழுத வைக்கிறான். ஜிம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். தெப்பத்தில் நாம் பார்த்த தகப்பன் எங்கே போனார்? முடிவில், பொறுமையாக நடித்ததற்காக டாம் ஜிம்முக்குக் காசு கொடுக்கிறான். அதுவும் நாற்பது டாலர். ஜிம் பூரித்துப்போகிறார். அந்த இடத்தை என்னால் இன்றும் கூச்சமில்லாமல் படிக்க முடிவதில்லை.

வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கோமாளிகளாக நடித்துக் காட்டிய மேடை ஆட்டங்கள் அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரும் வியாபாரம். ட்வைன் ஜிம்முக்கு அந்த முகமூடியை மாட்டிவிட்டார், அதற்குப் பின்னாலிருந்துதான் ஜிம்மின் மனிதத்தன்மை தெரிகிறது என்று கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் எழுதினார். கடைசி அத்தியாயங்களில் முகமூடி மட்டுமே மிஞ்சுகிறது.

தெரியாமல் செய்தார் என்று சொல்லவும் வழியில்லை. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில், ட்வைனின் மனைவியுடைய சகோதரியின் பண்ணை வீட்டில் மேரி ஆன் கார்ட் என்ற சமையற்காரப் பெண் இருந்தார். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். புருஷனையும் ஏழு பிள்ளைகளையும் ஏலத்தில் பிரித்து விற்றதையும், பல வருடம் கழித்துக் கடைசி மகனைத் தழும்பை வைத்து அடையாளம் கண்டதையும் ட்வைனிடம் சொன்னார். 1874இல் அதை அவர் வாய்மொழியிலேயே ட்வைன் பத்திரிகையில் எழுதினார். தாழ்வாரப் படியில் கீழே அமர்ந்து பேசத் தொடங்கும் அந்த அம்மாள், சொல்லச் சொல்ல எழுந்து எல்லோருக்கும் மேலே உயர்ந்து நிற்கிறார். இரண்டு வருடத்தில் அதே பண்ணையில்தான் ட்வைன் ஹக்கின் கதையை எழுத உட்கார்ந்தார். கறுப்பு மனிதரின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதத் தெரிந்த கைதான் ஜிம்மைப் பொம்மையாக்கியது.

நாவலில் கறுப்பரை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல் அன்றைய மிசௌரியின் நாக்கு. அதை மாற்றினாலும் எலிகள் குடிசையில்தான் இருக்கும்.

மறுமொழி 2024இல் வந்தது. பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலில் கதை சொல்பவர் ஜிம்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர். வெள்ளைக்காரர்கள் எதிரில் மட்டும் கொச்சையாகப் பேசுவது உயிர் பிழைக்கும் உபாயம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். மனைவிக்கு அங்கே சேடி என்று பெயர் இருக்கிறது. அவரையும் மகள் லிசியையும் தேடிப் போகிறார். 2025இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ட்வைனின் கடைசிப் பக்கத்தில், தன் காலில் பாய்ந்த குண்டை டாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது வருகிறது. எலிசபெத் என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை.

இந்த நாவலைத் தமிழில் மறுபடி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜிம்மை ‘அவர்’ என்று எழுதுங்கள். எவ்வளவு சுருக்கினாலும் 23ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை வெட்டிவிடாதீர்கள்.