நான்கு நாள் பட்டணவாசம்

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று செய்தி கிட்டிவிட்டால் போதும். சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு நமது பக்கம் புறப்பட்டு வந்துவிடுகிறது. கடையநல்லூர் வாசிகளாகிய நாமோ, கோடை விடுமுறை பிறந்ததும் "பட்டணம் போகலாமா?" என்று யோசிக்கத் தொடங்குகிறோம். அவர்களுக்கு நமது அருவி. நமக்கு அவர்களது கடல். பண்டமாற்று என்று பாடப் புத்தகத்தில் சொல்லிக் கொடுக்கிறோமே, அது இதுதான் போலும்!

யோசனை வருஷந்தோறும் தவறாமல் நடக்கும், பிரயாணந்தான் நடப்பதில்லை. உபாத்தியாயர் குடும்பத்தின் சங்கதி நேயர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வருஷம் விடைத்தாள் திருத்தும் வேலை வரும். மறு வருஷம் தங்கை வீட்டுக் கல்யாணம் வரும். அதற்கடுத்த வருஷம் வீட்டின் கூரையே "என்னைக் கவனி" என்று ஒழுகத் தொடங்கும். அடுத்த வீட்டுப் பாய் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வாத்தியாரய்யா, நான் துபாய்க்குப் பதினோரு தடவை போய் வந்துட்டேன். நீங்க இன்னும் பிள்ளைகளை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போகலையே!" நாமும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இவ்வருஷம் போயே தீர வேண்டிய காரணம் ஒன்று வந்து சேர்ந்தது. மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். சென்னையில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. பத்து நாளைக்குள் பணம் கட்ட வேண்டும். நம் தாயார் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "பொம்பளப் பிள்ளைய அத்தனை தூரமா? தென்காசிப் பக்கம் காலேஜே இல்லையா?" மனைவியோ, ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஊரைக் கண்ணால பார்க்காம நான் எப்படிச் சொல்லட்டும்?" என்றாள். பெண் ஒன்றும் பேசவில்லை. அதுதான் நம்மை அதிகமாக வருத்தியது.

"சரி, எல்லோருமாகப் போய்ப் பார்த்து வருவோம்" என்று முடிவு செய்தோம். ஆளுக்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கலாம் என்று குடியரசு முறைப்படி ஏற்பாடாயிற்று. பத்து வயதுப் பையன் மிருகக்காட்சிசாலை கேட்டான். மனைவி கடற்கரை என்றாள். பெண் நூல்நிலையம் என்றாள். நமக்கு எழும்பூர்க் காட்சிசாலையும் கோட்டையும். தாயார் மட்டும், "நான் எதுக்கு? வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று மறுத்தார்கள். முழங்கால் வலி ஒரு பக்கம். கோபம் ஒரு பக்கம். பிறகு, கிளம்புவதற்கு முந்திய நாள், "திருவல்லிக்கேணியில பாரதியார் இருந்த வீடு இருக்காமே, அதைக் காட்டுவியா?" என்று கேட்டார்கள்.

மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினோம். எலுமிச்சஞ்சோறும், மிளகாய்ப் பொடி தடவிய இட்டிலியும் ராஜபாளையம் தாண்டுவதற்குள் தீர்ந்தன. 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஆனால் ஓர் இரவுதான். விடிந்தபோது எழும்பூர்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே அரசாங்கக் காட்சிசாலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போகலாம். 1851-இல் தொடங்கியது. அங்கே திருவாலங்காட்டு நடராஜரின் முன் நின்றால் கால் நகர மறுக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலநூல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அதுவே. அவர் ஆயுள் முழுதும் சேர்த்த கற்களை அரசாங்கம் வாங்கி இக்காட்சிசாலையில் சேர்த்தது. நம்மை அதிகம் நிறுத்தியவை ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். அலெக்ஸாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்த தாழிகளும் இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பாத்திரங்களும் அவை. "நம்ம சீமைப் பொருளைப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா, அப்பா?" என்று பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. 2023-இல் ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய குழிகளின்மேல் கண்ணாடி பதித்து, உள்ளதை உள்ளபடி காணச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னோம். "அப்போ அதைப் பார்த்தீங்களா?" என்றாள். நாம் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

அன்று மாலை மெரினா. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து இப்பெயரிட்டார் என்பார்கள். நம் காலத்தில் அங்கே முதலில் கண்ணில் படுவது உழைப்பாளர் சிலை; சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது; 1959-இல் நிறுவியது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளும் அச்சிலையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டு மணலில் இறங்கினோம். மனைவி கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தாயார் அவள் பக்கத்தில். நாம் சுண்டல் வாங்கினோம். திரும்பிப் பார்த்தபோது பையனைக் காணவில்லை.

அந்த அரை மணி நேரத்தை எழுதுவது கடினம். விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. எல்லாச் சிறுவர்களும் நீலச் சட்டை போட்டிருப்பதாகவே தோன்றியது. அலைப் பக்கம் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை. மனைவி அலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காவலரிடம் சொன்னோம். காணும் பொங்கலன்று இங்கே குழந்தைகளின் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள் என்று படித்து, "நல்ல ஏற்பாடு" என்று மெச்சியவர்கள் நாம். நம் பிள்ளையின் கையில் ஒரு சீட்டுக் கூட எழுதிக் கட்டவில்லை!

கடைசியில் பையனைக் கண்டது பெண்தான். "சிலைக்கிட்டத்தான் போயிருப்பான்" என்று ஓடினாள். அங்கே ஒரு பஜ்ஜிக் கடை அம்மாள் அவனைத் தன் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு வாழைக்காய் பஜ்ஜியையும் கொடுத்திருந்தாள். "இன்னா சார், புள்ளயை வுட்டுட்டியே! நவுராதடா, இங்கயே குந்து, உன் ஆளுங்க தேடிக்கினு வருவாங்கன்னு சொன்னேன்" என்றாள். பஜ்ஜிக்குக் காசு கொடுத்தோம். "புள்ளைக்குக் குடுத்ததுக்கு யாராச்சும் துட்டு வாங்குவாங்களா?" என்று கையைத் தட்டிவிட்டாள். நேயர்களே, கூட்டமான இடத்துக்குக் குழந்தைகளோடு போனால், தவறினால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே ஓர் அடையாளம் காட்டிவிடுங்கள். பிரசங்கத்தைப் பிறகு செய்யலாம்.

அன்றிரவு விடுதியில் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. "இந்த ஊரில் விட்டுவிட்டு வரப்போகிறாயா?" என்று அவர்கள் கேட்டிருந்தால் நம்மிடம் பதில் இருந்திராது. உள்ளபடி சொன்னால், பணம் கட்ட வேண்டாம் என்று அப்போது நாமே முடிவு செய்துவிட்டோம்.

மறுநாள் மின்சார ரயிலில் வண்டலூர். சுமார் 1,490 ஏக்கர் பரப்பு, 1985-இல் திறந்தது. இங்கும் ஒரு வார விடுமுறை உண்டு, செவ்வாய்க்கிழமை. இதன் மூதாதை 1855-இல் அந்த எழும்பூர்க் காட்சிசாலை வளாகத்திலேயே பிறந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். பையன் நாள் முழுதும் தாயின் முந்தானையை விடவில்லை. புலியைக் கூட அதன் பின்னாலிருந்துதான் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலை கோட்டை. 1640-இல் கும்பினியார் குடியேறிய இடத்தில் இன்று நமது சட்டசபையும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. உள்ளே உள்ள காட்சிசாலையில், 1947 ஆகஸ்டு 15 காலையில் அக்கோட்டையின் மேல் ஏற்றிய பட்டுக்கொடியை 2013 முதல் வைத்திருக்கிறார்கள். மங்கிய விளக்கு, வெளிச்சம் பட்டால் பட்டு நைந்துவிடும். பையன் கூட அங்கே குரலைத் தாழ்த்திப் பேசினான்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில், தமது இறுதி நாட்களில் பாரதியார் குடியிருந்த வீடு. 1993 முதல் நினைவு இல்லம். 1921 செப்டம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 38. தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்துவிட்டார்கள்.

தாயார் பிறந்த ஊர் கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918 முதல் 1920 வரை அவர் அங்கே வசித்தார். "எங்கம்மா சின்னப் பிள்ளையில தெருவுல அவர் நடந்து போறதைப் பார்த்திருக்கா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பார்த்ததோட சரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. நான் அஞ்சாம் வகுப்போட நின்னேன்" என்றார்கள். சற்று நேரம் கழித்து, பேத்தியைப் பார்த்து, "ஒரு ராத்திரி தூரந்தானே, தாயி? வண்டி தினமும் வருதுல்லா?" என்று கேட்டார்கள்.

"ஆமா, ஆச்சி" என்றாள் பெண்.

"அப்போ போ."

"முந்தாநேத்துத் தம்பி காணாமப் போனானே, அம்மா!" என்றோம் நாம். "கண்டுபிடிச்சது யாருப்பா?" என்று தாயார் திருப்பிக் கேட்டார்கள். மனைவி அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை என்பதுபோல் நம்மைப் பார்த்தாள்.

நான்காம் நாள் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூல்நிலையம். 2010-இல் திறந்தது. குழந்தைகள் பகுதியில் ஒரு பெரிய செயற்கை மரம். அதனடியில் நம் பையன் ஒரு புலிப் புத்தகத்தைப் பயமில்லாமல் படித்தான். பெண் மாடி மாடியாகப் போய்த் திரும்பி வரவே இல்லை. நாம் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியிலேயே கல்லூரிக்குப் பணம் கட்டினோம். கை சற்று நடுங்கியது. கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

திரும்பும் வண்டியில், சங்கரன்கோவில் தாண்டி விடியும் வெளிச்சத்தில் மேற்கு மலை தெரிந்தது. பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கருப்பாநதி அணைக்கு ஒரு நாள் போவோமா, அப்பா? ஆதிச்சநல்லூருக்கும்?" என்றாள். கல்லூரி திறப்பதற்குள் இரண்டிடத்துக்கும் போய் வந்தோம். ஒத்திப்போட இனி நமக்கு வருஷங்கள் இல்லை.

இந்தச் சாரலிலும் சென்னைப் பட்டணம் திரண்டு நமது பக்கம் வருகிறது. அந்தக் கூட்டத்தில், சனிக்கிழமை காலைப் பொதிகையில், நம் வீட்டுப் பெண்ணும் ஒருத்தியாக வந்து இறங்குகிறாள். தாயார் வெள்ளிக்கிழமையே அரிசி ஊறப்போட்டுவிட்டார்கள்.