கரையும் கலிங்கும்

கெடா மாநிலத்தின் மெர்போக் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். ‘தஞ்சோங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு நிலமுனை என்பது பொருள். முனையில் வாழ்வோர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். ஆற்றின் நடுவே நீர் அமைதியாக ஓட, ஆறும் கடலும் சந்திக்கும் விளிம்பிலேதான் அலை புரளும். ஒன்றன் இயல்பு முடிந்து மற்றொன்றன் இயல்பு தொடங்கும் இடமே கொந்தளிப்பின் இடமாகும்.

இவ்வுண்மை நீருக்கு மட்டும் உரியதன்று. கதிரவனின் நெருப்பை மண்ணில் வளர்க்க முயலும் அறிவியலார் பல்லாண்டுகளாகப் போராடி வருவதும் ஒரு விளிம்போடுதான்.

கதிரவனின் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைவதால் ஆற்றல் பிறக்கிறது. அங்கு வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி பாகை செல்சியஸ். அத்தகைய இணைவை உலையில் நிகழ்த்த அதனினும் பத்து மடங்கு, அதாவது 15 கோடி பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் அணுக்கள் சிதைந்து மின்னூட்டம் கொண்ட பிழம்பாகின்றன. இதனையே பிளாஸ்மா என்பர். எந்தப் பாத்திரமும் இதனைத் தாங்காது. எனினும் மின்னூட்டத் துகள்கள் காந்தப் புலத்திற்குக் கட்டுப்படுவன. ஆகவே உளுந்து வடையைப் போல் நடுவே துளையுள்ள கலத்திற்குள், காந்தத்தையே வேலியாக்கிப் பிழம்பை அடைத்து வைக்கும் ‘டோக்காமாக்’ என்னும் கருவியைச் சோவியத் அறிஞர்கள் 1950களில் உருவாக்கினர்.

காந்த வேலி எளிதில் நிலைப்பதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர், காந்தத்தால் நெருக்கப்பட்ட பிழம்பின் நிலைப்பைப் பற்றி 1958ஆம் ஆண்டிலேயே இருவரோடு சேர்ந்து ஆய்வுரை எழுதினார். பாய்மங்களும் காந்தப் புலத்திற்குட்பட்ட பாய்மங்களும் எப்போது நிலை குலையும் என்பதை ஆராயும் அவரது பெருநூல் 1961இல் வெளிவந்தது. விண்மீன்களை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்றவர், உலைக்குள் அடைபட்ட பிழம்பையும் ஆராய்ந்தவர் என்பதைத் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும்.

1982ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கார்ச்சிங் நகரிலிருந்த ‘ஆஸ்டெக்ஸ்’ கருவியில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வெப்பத்தைக் கூட்டியபோது பிழம்பின் விளிம்பில் சில சென்டிமீட்டர் பருமனே உள்ள ஒரு தடுப்பு தானே உருவாயிற்று. பிழம்பு தன் வெப்பத்தை முன்னிலும் இரு மடங்கு காலம் காத்தது. கரை உயர்ந்தது, ஏரி நிரம்பியது. மகிழ்ச்சியோடு தொல்லையும் வந்தது.

கெடாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் பலரின் முன்னோர் ஏரிப் பாசனம் கண்டவர்கள். கரையை எவ்வளவு உயர்த்தினாலும், மிகுநீர் வழிந்தோடக் கலிங்கு அமைக்காவிடில் ஒருநாள் கரையே உடையும் என்பதை அவர்கள் அறிவர். பிழம்பிலும் அதுவே நிகழ்ந்தது. குறுகிய விளிம்பில் அழுத்தம் செங்குத்தாகச் சரிகிறது. அச்சரிவு அங்கே ஒரு மின்னோட்டத்தையும் தோற்றுவிக்கிறது. இரண்டும் எல்லை கடந்தால் விளிம்பு நெளிந்து, இழை இழையாகக் கிழிந்து, பிழம்பை வெளியே வீசுகிறது. ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஆற்றலில் நூற்றுக்குச் சில பங்கு சுவரில் மோதுகிறது. பின் விளிம்பு மீண்டும் எழுகிறது; மீண்டும் உடைகிறது. சிறிய கருவிகள் இதனைத் தாங்கும். பேருலையிலோ, 3,400 பாகை வரை உருகாத டங்ஸ்டன் தகடும் உருகக் கூடும்.

கரையை இடித்துவிடலாமா? இடித்தால் வெப்பம் தங்காது. கசிவே இன்றி அடைத்துவிடலாமா? அதுவும் தகாது, உள்ளே சேரும் கசடுகள் வெளியேற வழியிராது. எனவே அறிவியலார் கலிங்கு தேடினர். உறைந்த ஹைட்ரஜன் குண்டுமணிகளை விளிம்பில் எய்து, ஒரு பேருடைப்பைப் பல சிற்றுடைப்புகளாக்கினர். 2004இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள கருவியில், சிறு காந்தச் சுருள்களால் வேலியைச் சற்றே நெகிழ்த்தி, பேருடைப்புகளை அடக்கிக் காட்டினர்.

இந்தியாவும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. குஜராத்தின் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தில் ‘ஆதித்யா’ என்னும் டோக்காமாக் 1989இல் இயங்கத் தொடங்கிற்று. அது சிறு கருவி. மேற்சொன்ன பேருடைப்புகளை ஆராய்வதற்கென அமைந்ததன்று. எனினும் விளிம்பின் கொந்தளிப்பு சீராக இராது, விட்டு விட்டு வெடித்தெழும் இயல்புடையது என்பதை அக்கழகத்தார் 1992இல் உலகுக்கு உணர்த்தினர். பிரான்சில் ஏழு தரப்பினர் சேர்ந்து கட்டிவரும் ‘ஈட்டர்’ பேருலையில் இந்தியாவும் ஒரு தரப்பு. அவ்வுலையின் விளிம்பைப் பதப்படுத்த 27 காந்தச் சுருள்கள் திட்டமிடப்பட்டுள்ளன. அவை உலைக்கு அமைந்த கலிங்குகள் எனலாம்.

அந்நெருப்பு இன்னும் மனிதனுக்கு விளக்கேற்றவில்லை. அதற்கான தடைகளுள் ஒன்று, நடுவிலுள்ள 15 கோடி பாகையன்று. விளிம்பிலுள்ள சில சென்டிமீட்டர். இதனை விளக்க ஆசிரியர்க்கு அயற்சொல் தேட வேண்டிய தேவை பெரிதில்லை. கரை, மடை, கலிங்கு என்னும் சொற்கள் தமிழில் பழையன. அவை சுட்டும் அறிவும் பழையது. அடக்குவது ஆற்றல், அடக்கியதை அளவோடு நெகிழ்த்துவது அறிவு. பேருலையின் கரைக்கு நல்ல கலிங்கு அமைக்கும் கைகளுள், இன்று மெர்போக் ஆற்றங்கரையில் தமிழ் பயிலும் ஒரு மாணவியின் கையும் இருத்தல் கூடும்.